ஒற்றைச் சமக்குறியைத் தேடுவது எப்படி?

புதுவாயல் பக்கம் ஒரு ஃபேக்டரியில் கன்ட்ரோலருக்கு சி-யில் புரோகிராம் எழுதும் நண்பர் போன வாரம் கேட்டார்: "இஃப்-புக்குள்ள '==' வரவேண்டிய இடத்துல '=' விழுந்திருக்கான்னு எப்படிப்பா தேடுறது? கிரெப் போட்டா அசைன்மென்ட், கமென்ட் எல்லாம் சேர்ந்து கொட்டுது."

சின்ன விஷயம்தானே என்று விட முடியாது. 2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னலின் ஒரு நகலில், வெயிட்4 ஃபங்ஷனுக்குள், யாரோ இதையே வேண்டுமென்று நுழைத்துவைத்தார்கள். யூஐடி பூஜ்யமா என்று சோதிப்பதுபோல ஒரு வரி; ஆனால் இருந்தது ஒற்றை '='. குறிப்பிட்ட விதத்தில் கூப்பிட்டவர் ரூட் ஆகிவிடுவார். அடைப்புக்குறி வேறு சுற்றிப் போட்டிருந்ததால், 'தெரிந்துதான் எழுதியிருக்கிறார்' என்று கம்பைலரும் வாயைத் திறக்காது. நல்லவேளை, மூலப் பிரதிக்குள் போகுமுன் மாட்டிக்கொண்டது.

கிரெப் பார்ப்பது எழுத்தை. கம்பைலரோ நிரலை மரமாக்கிப் பார்க்கிறது. கமென்ட் அதில் கணுவாக வராது. கிளாங்-குவெரியில் அந்த மரத்திடமே கேட்கலாம்: இஃப் கணு, அதன் கண்டிஷனுக்குக் கீழே எங்காவது அசைன்மென்ட் கணு. நான் முதலில் கோட்டைவிட்டது இங்கேதான். 'ஹேஸ்-டிசென்டன்ட்' என்றால் கீழே உள்ளவை மட்டும். கண்டிஷனே அசைன்மென்டாக இருந்தால் சிக்காது. 'எனி-ஆஃப்' போட்டு இரண்டையும் கொடுக்கணும்.

இன்னொன்று. இஃப்டெஃப்-பில் அணைந்து கிடக்கும் வரிகள் மரத்துக்கே வராது. அந்த விஷயத்தில் கிரெப்தான் கெட்டி. நண்பரிடம் இரண்டு மெஷினுக்கு ஒரே ஃபைல். ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.