இடப்பக்கம்தான் மேலே

பிறைக்காரர்கள் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அக்கரை ஜார்ஜ்டவுன் போனால், எஸ்பிளனேட் திடல் கொஞ்ச தூரம்தான். பினாங்கின் போன் ஒடோரி என்ற ஜப்பானிய ஆட்டவிழா அங்கேதான் நடந்து வந்திருக்கிறது. வட்டமாகச் சுற்றி ஆடுபவர்களில் பலர் உடுத்துவது யுகாதா: லைனிங் இல்லாத எளிய பருத்திக் கிமோனோ.

12 மீட்டர் போல நீளமுள்ள ஒடுக்கமான துணியில் தைப்பது. பெண்களுக்குத் தேவைக்கு மேல் நீளம் விட்டிருப்பார்கள். மிச்சத்தை இடுப்பில் மடித்துக் கயிற்றால் இறுக்கினால் கணுக்காலில் நிற்கும். சேலை கட்டிய கைக்கு இதெல்லாம் பெரிய வேலையில்லை. வலப்பக்கத்தை உடம்போடு ஒட்டி, இடப்பக்கத்தை அதன்மேல் போட வேண்டும். மாறிப்போனால் வம்பு, ஜப்பானில் பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள்!

ஓபி என்கிற அகலப் பட்டியை முன்னால் முடிந்து, வலப்புறமாகச் சுழற்றி முதுகுக்குத் தள்ளலாம். இடப்புறம் சுழற்றினால் கழுத்துப் பக்கம் பிரிந்துவிடும்.

ஜார்ஜ்டவுனுக்குக் கிமோனோ புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சிந்த்ரா தெருவில் ஜப்பானியர் குடியிருந்தார்கள். ஹொக்கியன்காரர்கள் அதை ஜப்பான் பெயராலேயே அழைத்தார்கள்.