உஷார்! மெல்பர்னில் பிள்ளை படிக்கிறதா? இடிமழையை லேசாக எண்ணாதீர்கள்

மேருவிலும் கிள்ளானிலும் சாயங்காலம் இடி இடித்து மழை கொட்டுவது நமக்குப் பழகிப்போனது. புழுக்கம் தணிந்தது என்று வாசலில் நின்று காற்று வாங்குவோம். அதே பழக்கத்தோடு மெல்பர்னுக்குப் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளை நினைத்தால் பதறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே இடிமழைக்கு முன்னால் வீசும் காற்று ஆளையே கொல்லக்கூடும்!

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. பகலெல்லாம் கொளுத்தும் வெயில், மாலையில் இடியோடு சூறைக்காற்று. சில மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அந்தப் புயல் 10 உயிர்களைப் பறித்தது. பாதிக்கப்பட்டவர்களில் இந்திய, ஆசிய வம்சாவளியினர் மிக அதிகம். பலருக்கு அதுவரை ஆஸ்துமாவே இருந்ததில்லை.

காரணம், ரைகிராஸ் புல்லின் மகரந்தம். மகரந்தத்தின் வெளி ஓடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. அமிலத்துக்கும் அசையாது, பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தாலும் உருக்குலையாது. ஆனால் புல் மகரந்தத்தின் ஓட்டில் ஒரு துளை உண்டு. புயலின் ஈரம் உள்ளே ஏறினால் அழுத்தம் கூடி, அந்தத் துளை வழியாக வெடித்துவிடும். வெடிக்காத முழுத் துகள் பெரியது. மூக்கோடு நின்று தும்மலைக் கிளப்பும், அவ்வளவுதான். வெடித்த ஒரே துகளிலிருந்தோ சுமார் 700 மாவுத் துணுக்குகள் சிதறும். 3 மைக்ரானைவிடச் சிறியவை, ஒவ்வாமைப் புரதம் சுமந்தவை. அவை நேரே நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

"போன வருஷம் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பிள்ளை சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் ரைகிராஸ் கிடையாது. அங்கே சில வசந்தங்களைக் கழித்த பிறகுதான் பலருக்கு ஒவ்வாமை தலைகாட்டுகிறது. வாட்ஸ்அப்பில் பேசும்போது "சாப்பிட்டியா?" என்பதோடு "தும்மல் வருதா, கண் அரிக்குதா?" என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே அங்குள்ள டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நிவாரண இன்ஹேலர் அங்கே மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும், பையிலேயே இருக்கட்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் அரசு இந்தப் பருவத்தில் இடிமழை ஆஸ்துமா முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அபாயம் அதிகம் என்று வந்தால், காற்று கிளம்புவதற்கு முன்பே வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். இன்ஹேலர் எடுத்தும் மூச்சு சீராகவில்லையா? விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது, உடனே 000 அழைக்க வேண்டும்!