துருவைத் துடைக்காதீர்கள்!

2019 மார்ச்சில் இங்கிலாந்தில் ஒரு துப்பாக்கி ஏலத்துக்கு வந்தது. ஒரு குடும்பத்தின் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது அது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மேஜர் தாமஸ் ஹார்ட், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கொண்டுபோன திப்பு சுல்தானின் ஆயுதங்களில் ஒன்று. 60,000 பவுண்டுக்கு விலைபோனது. அதில் சண்டையில் பட்ட சேதம் அப்படியே இருந்தது. ஆயுதசாலையில் அடுக்கிவைத்த துப்பாக்கி அல்ல, களத்தில் புழங்கியது என்பதற்கு அந்தச் சேதமே சாட்சி. யாராவது நல்ல எண்ணத்தில் அதைச் சீர்செய்து பளபளப்பாக்கியிருந்தால், அந்தச் சாட்சி போயிருக்கும்.

தாத்தாவோ பெரியப்பாவோ விட்டுச்சென்ற கைத்துப்பாக்கி கைக்கு வந்தால் முதலில் அதன் விசையமைப்பைப் பாருங்கள். குதிரையின் (விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் பாகம்) வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் தாடை இருந்தால், அது 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19இன் முற்பகுதி வரை கோலோச்சிய வகை. 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித், அடிபட்டதும் வெடிக்கும் ரசாயனத்தால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கும் கேப்பைப் போலத்தான் அதன் வேலை. அந்த ரசாயனத்தைச் சிறு செப்புக் குப்பியில் அடைத்துக் குழலின் பின்புறம் மாட்டும் வழக்கம் 1820களில் பரவியதும், கல் துப்பாக்கிகள் பலவற்றைப் புதுமுறைக்கு மாற்றினார்கள். பக்கத்தகட்டில் அடைபட்ட திருகாணித் துளைகள் தெரிந்தால், அது அப்படி மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது குழலின் அடிப்பகுதியில் உள்ள முத்திரை. எனக்கு இதில்தான் அதிக ஈடுபாடு, ஏனென்றால் ஒவ்வொரு முத்திரையும் ஒரு சோதனையின் முடிவு. வழக்கத்தைவிட அதிக மருந்து கெட்டித்து வெடித்துப் பார்ப்பார்கள். பிளக்காமல் தாங்கிய குழலுக்கே முத்திரை. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813இல் சட்டப்படி நிறுவப்பட்டது. 1904 வரை அதன் அடையாளம், கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து முத்திரை, நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற ரோமன் எழுத்துகள். 1893 முதல் அதன்மேல் கிரீடமும் சேர்ந்தது. ஆகவே கிரீடம் இல்லாத லியேஜ் முத்திரை, துப்பாக்கியை 1893க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. பக்கத்தகட்டில் பொறித்த பெயரை மட்டும் நம்பக்கூடாது. அது விற்ற கடைக்காரரின் பெயராகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். கருமருந்து மட்டுமே பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் பிற்காலத்தில் செய்த பிரதி.

இந்த முத்திரைகளின் ஆழம் மிகக் குறைவு. உப்புத்தாளும் பாலிஷும் துருவோடு சேர்த்து இரும்பையும் அரித்தெடுக்கின்றன. இரண்டு தேய்ப்பில் ஒரு நூற்றாண்டின் ஆதாரம் அழிந்துபோகும். மேலும், பழுப்பு நிறம் எல்லாமே கேடு அல்ல. அன்றைய கைவினைஞர்கள் அரிக்கும் கரைசலை வேண்டுமென்றே பூசி, துருவை மெல்லிய, இறுகிய படலமாக வளர்த்துக் குழலுக்கு அழகும் காப்பும் தந்தார்கள். உதிரும் செம்மஞ்சள் துரு வேறு. அது ஈரத்தை உள்ளே இழுத்து அரிப்பைத் தொடரும். அதை நிறுத்துவது அருங்காட்சியகப் பாதுகாப்பாளரின் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது உலர்ந்த இடத்தில் வைப்பதும், வெறுங்கையால் தொடாமல் இருப்பதும்தான். வியர்வையின் உப்பு இரும்புக்குப் பகை.

மரப்பகுதியும் பேசும். 1865இல் ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட டெரிஞ்சர் கைத்துப்பாக்கி, வாஷிங்டனின் ஃபோர்டு நாடக அரங்கில் இருக்கிறது. அதைத் திருடிவிட்டு நகலை வைத்துவிட்டார்கள் என்று வதந்தி எழுந்தபோது, 1997இல் எஃப்.பி.ஐ. ஆய்வகம் அதைச் சோதித்தது. 1930களில் எடுத்த புகைப்படங்களில் தெரிந்த மரச்சுழிகளோடு கைப்பிடியின் சுழிகள் பொருந்தின. அசல்தான் என்று முடிவானது. உங்கள் வீட்டுப் பழைய புகைப்படம், கடிதம், ரசீது ஆகியவற்றை எறியாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. துப்பாக்கி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் காகிதம், வெள்ளி வேலைப்பாட்டைவிடக் கூடுதல் விலை பெற்றுத் தரக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குள் பழைய மருந்து இன்றும் இருக்கலாம். உலர்ந்த கருமருந்து பல தலைமுறை கடந்தும் வெடிக்கும். குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள், குழலை யார் பக்கமும் திருப்பாதீர்கள்.

இந்தியாவில் சட்டமும் உண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே விலக்களிக்கிறது. சுடக்கூடியது என்றால் உரிமம் வேண்டும். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. எனவே விலை கேட்கப் புறப்படுமுன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.