தாய்க்குக் காய்ச்சல்... பால் கொடுக்கலாமா?

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் போதும், வீட்டில் ஆளுக்கொரு யோசனை கிளம்பிவிடும். "பாலைக் கொடுக்காதேடி, குழந்தைக்கும் ஒட்டிக்கும்" என்பார் பாட்டி. "பால் பவுடர் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். பெற்றவள் பாவம், யார் பேச்சைத்தான் கேட்பாள்?

சென்ற ஆண்டு என் தங்கை மகள் தாய் வீட்டில் இருந்தபோது இதே கதைதான். குழந்தைக்கு 40 நாள். அவளுக்கு ஃப்ளூ காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பால் வற்றட்டும் என்று மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொன்னார். "டாக்டரம்மாவைக் கேட்காம எதுவும் வேண்டாம்" என்று நான் அவளை ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடியே கிருமி உன் உடம்புல இருந்தாச்சு. அப்பவும் குழந்தையை அணைச்சுக்கிட்டுத்தானே இருந்தே? இப்ப பாலை நிறுத்தினா, அதுக்குக் கிடைக்கிற பாதுகாப்பைத்தான் நிறுத்தறே."

விஷயம் இதுதான். தாயின் உடம்பு கிருமியோடு போராடும்போது எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குகிறது. அவை பால் வழியாகக் குழந்தைக்கும் போகின்றன. சளி, ஃப்ளூ, கொரோனா எல்லாம் பரவுவது இருமல், தும்மல், கை வழியாக; பால் வழியாக அல்ல. கொரோனா வந்த 2020-ஆம் ஆண்டிலும், கையைக் கழுவி, முகக்கவசம் அணிந்து பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எங்கள் பெண்ணும் அப்படியே செய்தாள். குழந்தைக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியதோடு சரி.

பால் கட்டி, மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால்? அப்போதும் நிறுத்தக்கூடாது. பால் தேங்கினால் வலி அதிகமாகும், சீழ் பிடிக்கவும் கூடும். குழந்தை குடிக்கட்டும்; உடனே டாக்டரையும் பாருங்கள்.

காசநோய்க் கிருமி இருமலில் பரவும், பாலில் அல்ல. தாய் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வாயை மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். குழந்தைக்குத் தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். ஹெபடைடிஸ் பி மஞ்சள்காமாலைக் கிருமி உள்ள தாயும் கொடுக்கலாம். ஆனால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும். கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற ஊசியும் போடுவார்கள்.

பால் வழியாகவே போகிற கிருமியும் உண்டு. அதில் முக்கியமானது எச்.ஐ.வி. ஆனால் தாய் ஏ.ஆர்.டி. மருந்தைத் தினமும் தவறாமல் சாப்பிட்டால் அந்த ஆபத்து மிகமிகக் குறைந்துவிடும். பயந்து மறைக்காமல் கர்ப்பத்திலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாய்ப்பாலும் புட்டிப்பாலும் மாற்றி மாற்றிக் கொடுப்பது கூடாது. எதைக் கொடுப்பது என்பதை டாக்டரோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மார்பில் ஹெர்பிஸ் கொப்புளம் இருந்தால், அது ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்கக்கூடாது. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்கு அம்மை போட்டால், 'மாரியம்மா வந்திருக்கா' என்று வீட்டோடு இருந்துவிடாதீர்கள். பச்சைக் குழந்தைக்கு அது ஆபத்து. உடனே குழந்தை டாக்டருக்குத் தெரிய வேண்டும். சில நாள் குழந்தையைப் பிரித்து வைத்தாலும், டாக்டர் சரி என்றால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம்.

ஆகவே சகோதரிகளே, காய்ச்சல் என்றதும் புட்டியைத் தேடாதீர்கள். சரியாகக் கழுவாத புட்டியும் கொதிக்காத தண்ணீரும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். டாக்டரிடம் போனதும் "நான் பால் கொடுக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தாகப் பார்த்துத் தருவார். பாலை நிறுத்த இரண்டு நாள் போதும்; மறுபடி சுரக்க வைக்கப் படும் பாடு, பட்டவர்களுக்குத்தான் தெரியும்.