உழவு சொன்ன வழி

வயலை உழுதால் விமானச் சத்தம் குறையுமா?

நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்தைச் சுற்றிப் பாய் விரித்தாற்போல் தட்டையான நிலம். விமானம் கிளம்பும்போது எழும் உறுமல் தரையோடு தவழ்ந்துவந்து வீடுகளுக்குள் புகுந்துவிடும். ஆனால் அறுவடை முடிந்து உழுத பிறகு மட்டும் அந்த இரைச்சல் கொஞ்சம் அடங்கியது! உழவுசால்களின் மேடுபள்ளம் ஒலியைச் சிதறடித்ததுதான் காரணம். அதையே பெரிதாக்கி, அங்கிருந்த வயல்வெளியில் ஆளுயரப் புல்மேடுகளை வரிவரியாக எழுப்பினார்கள். அப்படித்தான் 2013-இல் உருவானது பௌட்டன்ஸ்கொட் பூங்கா. கான்கிரீட் சுவர் இல்லை, மண்ணும் புல்லும்தான். எவ்வளவு அழகான யோசனை, பாருங்கள்! இப்போது அந்த மேடுகளுக்கு நடுவே மக்கள் காலாற நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.