அணைய வேண்டிய விளக்கு

நெமிலிச்சேரி வழியே செல்லும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் குடும்பத்துடன் காரில் விரையும் அன்பர்களே! சாவியைத் திருப்பியதும், அமர்ந்த மனிதரையும் அவர் முன்னே ஒரு பந்தையும் காட்டும் சிறு விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைவதைக் கவனித்ததுண்டா? 'ஏர்பேக்' எனும் காற்றுப்பையின் விளக்கு அது.

புதிய மாடல் கார்களில் ஓட்டுநருக்கு 1.7.2019 முதலும், அருகில் அமர்பவருக்கு 1.4.2021 முதலும் இப்பை நம் நாட்டில் கட்டாயமாயிற்று. கார் பலமாக மோதினால், கண் இமைக்கும் நேரத்திற்குள் வாயு பொங்கிப் பை விரிந்துவிடும்.

ஆனால் மோதிப் பார்த்துச் சோதிக்க இயலாதே! ஆகவே அதன் சிறு கணினி, பையை விரியச் செய்யாத அளவு மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, இணைப்புகள் சரியாக உள்ளனவா எனத் தானே சோதிக்கிறது. குறை கண்டால் விளக்கு அணையாது. தொடக்கத்தில் எரியவே இல்லையெனினும் கோளாறுதான். இரண்டிலும் ஆபத்து வேளையில் பை விரியாமற் போகலாம். உடனே பணிமனைக்குச் செல்லுங்கள். விளக்கின் இணைப்பைத் துண்டிப்பது, காவற்காரரின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். பழைய கார் வாங்குவோரும் இதை முதலில் பாருங்கள்.

பை உண்டென்று இருக்கைப் பட்டையை மறவாதீர்கள். குழந்தையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமராதீர்கள். நம்மைக் காக்க விரியும் பையே பிஞ்சு உயிருக்குக் கேடாகிவிடும்.