இரத்தக் கொழுப்பும் பெருங்குடற் புற்றுநோயும்

திருவனந்தபுரம் நகரின் கிழக்கேகோட்டை, ஸ்ரீ பத்மநாபசுவாமி ஆலயத்திற்கு மட்டுமன்றி, அதனை அடுத்துள்ள சாலைக் கடைவீதிக்கும் பெயர் பெற்றது. தமிழ் பேசும் வணிகர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இவ்வட்டாரத்தில் தேங்காயெண்ணெயும், அதில் பொரித்தெடுத்த நேந்திரங்காய் வறுவலும் அன்றாட உணவோடு இரண்டறக் கலந்தவை. இரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளும் வழக்கமும் இந்நாளில் நன்கு பரவியுள்ளது. மாரடைப்பைப் பற்றிய அச்சமே இதற்கு முதற் காரணம். ஆயின், அதே பரிசோதனைத் தாளைக் கொண்டு பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயைப் பற்றியும் ஏதேனும் கூற இயலுமா? விஞ்ஞானிகள் ஏறத்தாழ 50 ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா இது.

இவ்வினா இந்நகருக்குத் தொடர்பற்றதன்று. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் 2013-ஆம் ஆண்டு அறிக்கையில், ஆண்களிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்ட பதிவுப் பகுதி திருவனந்தபுரமே. வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டபோது, ஓர் இலட்சம் ஆண்களில் ஆண்டுக்குச் சுமார் 4 பேர் இந்நோய்க்கு உள்ளாயினர். மேனாடுகள் பலவற்றின் விகிதம் இதனைப்போல் பல மடங்காகும். எனினும், நம் நாட்டுப் பகுதிகளுக்குள் இந்நகர் முன்னிற்பது கவனிக்கத்தக்கது. 1981-ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம், இம்மாவட்டத்து நோயாளிகளின் பதிவேட்டைப் பேணி வருகிறது.

கொழுப்புப் பொருள்கள் எவை?

கொழுப்பு நீரில் கரைவதில்லை. ஆகவே அது புரதத்தோடு சேர்ந்து சிறு துகள்களாக இரத்தத்தில் மிதந்து செல்கிறது. கல்லீரலிலிருந்து உடலின் பிற பகுதிகளுக்குக் கொலஸ்டிராலைச் சுமந்து செல்வது அடர்த்தி குறைந்த துகள். எஞ்சிய கொலஸ்டிராலைக் கல்லீரலுக்கு மீட்டுக் கொணர்வது அடர்த்தி மிகுந்த துகள். இவையன்றி, எரிபொருளாகப் பயன்படும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் உண்டு. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மொத்தக் கொலஸ்டிரால் 200 மில்லிகிராமுக்கும், டிரைகிளிசரைடு 150 மில்லிகிராமுக்கும் குறைவாக இருத்தல் நலம் என்பது பொதுவான மருத்துவ அளவுகோல்.

கொலஸ்டிரால் நஞ்சன்று. உயிரணு ஒவ்வொன்றின் உறையும் அதனைக்கொண்டே அமைகிறது. பித்த அமிலங்கள், சில ஹார்மோன்கள் ஆகியவற்றிற்கும் அதுவே மூலப்பொருள்.

எதிர்பாராத முடிவு

மாரடைப்பு மிகுந்த நாடுகளிலேயே பெருங்குடற் புற்றுநோயும் மிகுந்திருப்பதைக் கண்ட அறிஞர்கள், இரண்டிற்கும் உயர்ந்த கொலஸ்டிராலே பொதுக் காரணமாகலாம் என எண்ணினர். பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் ஜெஃப்ரி ரோஸும் அவருடைய துணைவர்களும் இதனைச் சோதித்து, 1974-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். அம்முடிவு அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. பின்னாளில் பெருங்குடற் புற்றுநோய் கண்டவர்களின் கொலஸ்டிரால், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது! கொலஸ்டிராலைக் குறைப்பது ஒருவேளை புற்றுநோயை வரவழைக்குமோ என்ற ஐயம் இதனால் எழுந்தது.

காரணமா, விளைவா?

இப்புதிரை அவிழ்க்க உதவியது காலம் என்னும் அளவுகோல். பெருங்குடற் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு தசை மொட்டு, புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அமெரிக்காவில் விநாவர் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும், நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் நோயாளிகளின் கொலஸ்டிரால் படிப்படியாகக் குறைந்து வந்ததையும், நோயற்றவர்களிடம் அத்தகைய குறைவு இல்லாததையும் 1990-இல் எடுத்துக்காட்டினர். எனவே, குறைந்த கொலஸ்டிரால் நோய்க்குக் காரணமாக இல்லாமல், மறைந்து வளரும் நோயின் விளைவாகவே இருக்கக்கூடும் என்ற கருத்து வலுப்பெற்றது. விரைந்து பெருகும் உயிரணுக்கள் தம் உறைகளை அமைத்துக்கொள்ளக் கொலஸ்டிராலை மிகுதியாக ஈர்த்துக்கொள்வது இதற்கு ஒரு விளக்கமாகக் கூறப்படுகிறது.

பின்னர் நடந்த ஆய்வுகள் வேறொரு சித்திரத்தைக் காட்டின. 10 ஐரோப்பிய நாடுகளில் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட பேராய்வின் அடிப்படையில் 2011-இல் வெளிவந்த முடிவு, அடர்த்தி மிகுந்த துகள் நிறைந்தவர்களுக்குப் பெருங்குடற் புற்றுநோய் குறைவாகவே வந்ததெனக் கூறிற்று. மலக்குடலைப் பொறுத்தவரை அத்தொடர்பு தென்படவில்லை. மிகுந்த டிரைகிளிசரைடுக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் உரைக்கின்றன. ஆனால் பருத்த வயிறு, உடலுழைப்பின்மை, இரத்தத்தில் இன்சுலின் மிகுதி ஆகியவை இக்கொழுப்பு மாறுபாடுகளோடு சேர்ந்தே காணப்படுவதால், குற்றவாளி எது, உடன் வந்தது எது என்று பிரித்தறிதல் எளிதன்று.

பித்த அமிலங்கள்

உண்ணும் கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைச் சுரக்கிறது. அவற்றில் ஏறக்குறைய 95 விழுக்காடு சிறுகுடலின் இறுதியில் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. எஞ்சியவை பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியங்களால் வேறு அமிலங்களாக மாற்றப்படுகின்றன. இவை மிகுந்தால் குடற்சுவரின் உயிரணுக்களை உறுத்திக் கெடுக்கின்றன என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளால் தெரிகிறது. இரத்தத்தில் ஓடும் கொழுப்பைவிடக் குடலுக்குள் நிகழும் இவ்வினையே முக்கியமானதாக இருக்கலாம்.

தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற வகையைச் சேர்ந்தது. இது இருவகைத் துகள்களின் கொலஸ்டிராலையும் உயர்த்துகிறது. இருதயத்தின் நலம் கருதி அதனை அளவோடு பயன்படுத்துவது அறிவுடைமை. ஆனால் இதனை மட்டும் வைத்து அது குடற்புற்றை விளைவிக்கும் என்று முடிவுகட்டலாகாது. அவ்வாறே, கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளை இருதயத்திற்காக மருத்துவர் விதித்திருந்தால், புற்றுநோய்க்கு அஞ்சி நிறுத்துவதும் தவறு. பல்லாயிரவர் பங்குகொண்ட சோதனைகளில் அம்மருந்துகள் புற்றுநோயைப் பெருக்கவுமில்லை, குறைக்கவுமில்லை.

பொதுமக்கள் அறியவேண்டியது

இரத்தக் கொழுப்புப் பரிசோதனை இருதயத்திற்கும் இரத்தக் குழாய்களுக்கும் உரியது. குடலைப் பற்றிச் சான்று தருவதன்று. 'கொழுப்பின் அளவு சரியாக உள்ளது' என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மலத்தில் கசியும் இரத்தத்தை மூலம் என்று தாமே தீர்மானித்து வாளாவிருப்போர் உளர். இதுவே பெரும் அபாயம். முயற்சி ஏதுமின்றி எடை குறைந்து, கொலஸ்டிராலும் தானே இறங்குமாயின், அதனை நற்செய்தியெனக் கொள்ளாது மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்போக்கு மாறுதல், காரணம் புலப்படாத இரத்தசோகை ஆகியவை தோன்றின் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடவேண்டும். கண்ணுக்குப் புலனாகாத இரத்தத்தையும் மலப்பரிசோதனை காட்டிவிடும். குடல் உள்நோக்கிக் கருவியால் தசை மொட்டைக் கண்டு, அது புற்றாகும் முன்னரே அகற்றிவிடலாம். குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள் எவ்வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்று மருத்துவரைக் கலந்து அறிதல் நன்று.

தவிடு நீக்காத தானியம், பயறு, காய்கறி ஆகியவற்றை உண்பதும், நாள்தோறும் உடல் உழைப்பதும், புகையையும் மதுவையும் விலக்குவதும் குடலையும் இருதயத்தையும் ஒருங்கே காக்கும். பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் 2015-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சேர்த்துள்ளதால், அதனைக் குறைத்தலும் அவசியம். நோய் முற்றுமுன் கண்டறியப்படின் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது என்பதை ஒவ்வொருவரும் நினைவிற் கொள்ளுதல் நலம்.